நிற்கும் வண்டியின் விளக்கு

சென்ற மாதம் திருவரங்குளம் சிவன் கோயில் வாசலில், நண்பரின் ஹைபிரிட் காரில் காத்திருந்தோம். பின்னிருக்கையில் முதுமையுற்ற தாயார். ஆதலால் ஏசியை நிறுத்தவில்லை. எஞ்சின் அவ்வப்போதே உறுமியது. முகப்பின் பகல்விளக்கோ ஓயாமல் எரிந்தது. பூ விற்கும் அம்மையார் இருமுறை கூடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். மூன்றாம் முறை, "வண்டிய எடுக்கப் போறீகளா இல்லியா, தம்பி?" என்று கேட்டேவிட்டார். நாணத்துடன் சுவிட்சைத் தேடினோம், இல்லை.

1977இல் ஸ்வீடன் பகலிலும் விளக்கைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு அவ்வாறே. இவ்விளக்கு நாம் பார்ப்பதற்கன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கு. அதனை நாம் பழிக்கவில்லை. (மின்செலவும் அற்பமே.) ஆனால் அது சொல்வது 'வருகிறேன்' என்பது. ஓசையின்றி நகரும் ஹைபிரிட்டில் பாதசாரிக்கு அதுவே முதற்குறி. நிற்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், வரும்போது யார் விலகுவார்?

கியர் 'பார்க்'கில் இருக்கையிலும் கைபிரேக் இட்டிருக்கையிலும் இவ்விளக்கு அணைந்திருக்கலாம் என ஐ.நா.வின் 48ஆம் வாகன விதியே இசைகிறது. விதி தடுக்காததை உற்பத்தியாளர் ஏன் ஓட்டுநருக்கு மறுக்கவேண்டும்?

அன்று காரைத் திருப்பி, மதிலை நோக்கி நிறுத்தினோம். பூக்கூடை பழைய இடத்துக்கு வந்தது.