கல்மண்டபத்தில் காரை எங்கே நிறுத்துவது?

சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க் குடும்பத்துக்கு உறவினர்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மெரினா, கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம், தி.நகர், நேரம் மிச்சமிருந்தால் மாமல்லபுரம். எல்லாமே பாரிமுனைக்குத் தெற்கே. கூடவே ஒரு வாடகைக் காரும் பேசி முடிக்கப்பட்டிருக்கும். பாரிமுனைக்கு வடக்கே ஊர் உண்டு என்பதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்வதே இல்லை. கேட்டால், "அங்க என்ன இருக்கு? லாரியும் கூட்டமும்தான்" என்று பதில் வரும். மிச்சக் கதையை சினிமா சொல்லிவிடும்: கத்தி, கடத்தல், இருட்டுச் சந்து.

லாரி இருப்பது உண்மை. எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒருமுறை காரோடு சிக்கியவர் மறுபடி அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டார். ராயபுரத்தில் கல்மண்டபம் சந்தைப் பக்கம் காரை நிறுத்த இடம் தேடியவருக்கும் அதே கதிதான். ஆனால் இந்தக் குறையெல்லாம் காரோடு சேர்ந்தது. காரை விட்டுவிட்டால், சென்னையில் சுற்றிப் பார்க்க இவ்வளவு தோதான இடம் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

காரணம் நிலத்தின் அமைப்பு. கிழக்கே கடல், மேற்கே ரயில் தடம். இரண்டுக்கும் நடுவே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஊர் தெற்கு வடக்காக ஒரு பட்டையாக நீண்டு கிடக்கிறது. அந்தப் பட்டைக்குள் மூன்று வழிகள் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன: கடலை ஒட்டிய சாலை, நடுவில் டி.எச். ரோடு, மேற்கே கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது டி.எச். ரோட்டின் வழிக்கு இன்னொரு அடுக்கு கிடைத்தது. தண்டையார்பேட்டை வரை தரைக்கு அடியில் போகும் வண்டி, அதைத் தாண்டியதும் மேலேறி, ஓட்டு வீடுகளுக்கும் மொட்டை மாடிகளுக்கும் மேலாக ஓடும். வழி தவறினாலும் கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் தண்டவாளம். இதற்கு மேல் ஒரு பயணிக்கு என்ன வரைபடம் வேண்டும்?

கல்மண்டபத்துக்கு மட்டும் மெட்ரோ இல்லை. வண்ணாரப்பேட்டையிலோ சர் தியாகராயா கல்லூரி நிலையத்திலோ இறங்கி நடக்கலாம். இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. பாரிமுனையிலிருந்து மாநகரப் பேருந்தும் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். பெண்களுக்கு அதுவும் கிடையாது. மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாயைத் தாண்டாது. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்க முடிகிறது.

இங்கே கவனமாகப் போட வேண்டிய கணக்கு நேரக் கணக்கு. இடங்களை வரிசையாக எழுதிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் கிளம்பினால் பாதி இடம் பூட்டிக் கிடக்கும், மீதி இடம் வெறிச்சோடிக் கிடக்கும். காசிமேட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குப் போய் "ஒண்ணுமில்லையே" என்று திரும்புகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் நேரம் விடியலுக்கு முந்தையது. மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும் என்பதால் முதல் வண்டியைப் பிடிப்பது, அல்லது மண்ணடி, பாரிமுனைப் பக்கம் தங்கி ஆட்டோவில் வருவது என்று இரண்டே வழிதான். வந்து சேர்ந்தால், விளக்கு வெளிச்சத்தில் விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கிக்கொண்டிருக்கும். தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர். நல்ல ஷூ போட்டு வந்தவர் வருத்தப்படுவார், ரப்பர் செருப்பே சரி. ஒரு குவியல் சங்கராவைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, ஏலம் விடுபவரின் குரல் ஏறும். வாங்குபவர் தலையை அசைப்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. அடுத்த நொடி சரக்கு கைமாறி மீன்பாடி வண்டியில் ஏறிவிடும். ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் வஞ்சிரத்தைத் துண்டு போடும் வேகத்தைப் பார்ப்பதற்கே ஒருமுறை வரலாம். வவ்வால், கடம்பா, கானாங்கத்தை, எறா என்று பெயர் சொல்லத் தெரிந்தவருக்கு மரியாதை கூடும்.

ஒரு எச்சரிக்கை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோடை விடுமுறையில் ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் சரியாக அந்த நாட்களில்தான் வருவார்கள். அப்போது கட்டிப்போட்ட படகுகளையும் வலை பின்னுகிறவர்களையும் பார்க்கலாம்; ஏலத்தின் களேபரம் இருக்காது.

மும்பையில் 1875-இல் திறந்த சசூன் டாக் விடியற்காலை மீன் சந்தையாகச் சுற்றுலா வழிகாட்டி நூல்களில் இடம்பிடித்துவிட்டது. டோக்கியோவின் மீன் சந்தை 2018-இல் தோயோசுவுக்கு இடம் மாறியபோது, சூரை மீன் ஏலத்தைப் பார்ப்பதற்கென்றே தனி மாடம் வைத்துக் கட்டினார்கள். காசிமேட்டுக்கு அத்தனை ஆடம்பரம் வேண்டாம். வேலை செய்கிறவர்களின் வழியை மறிக்காமல் நின்று பார்க்க உயரமான ஒரு நடைமேடையும், சுத்தமான ஒரு கழிப்பறையும், ஒரு டீக்கடையும் போதும். அது வரும்வரை வருகிறவர்களே ஒதுங்கி நிற்கட்டும். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்தவரின் முகத்துக்கு நேரே கேட்காமல் செல்போனை நீட்டுவது சுற்றுலா ஆகாது.

ஏழு மணிக்குள் காசிமேடு முடிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் ராயபுரத்தை நடந்தே பார்த்துவிடலாம். படகோட்டிகள் எழுப்பிய புனித பேதுரு ஆலயமும், பார்சிகளின் அக்கினிக் கோயிலும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. 1910-இல் கட்டப்பட்ட அக்கினிக் கோயில் தமிழ்நாட்டிலேயே பார்சிகளுக்கு இருக்கும் ஒரே வழிபாட்டிடம். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலோடு திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இல்லை. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்குப் போகும் வழியில் இருக்கும் அறிஞர் அண்ணா பூங்காதான் பழைய ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திமுகவின் தொடக்க விழாக் கூட்டம் நடந்த இடம். தமிழ்நாட்டின் அடுத்த முக்கால் நூற்றாண்டு அரசியலைத் திருப்பிப்போட்ட திடல் இது. வேறு ஊராக இருந்தால் இதற்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அதற்கு முன்பே ரயில் கண்ட பம்பாயிலும் தாணேயிலும் ஆரம்பகால நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் நின்றுகொண்டிருக்கும் ரயில் நிலையங்களில் மிகப் பழையது ராயபுரம். சென்ட்ரல் 1873-இல் வந்தபிறகு மவுசு அங்கே போய்விட்டது. உயரமான தூண் வரிசையோடு நிற்கும் முகப்பை 2005-இல் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகும் இந்த நிலையத்தைத் தேடி வருபவர்கள் குறைவு. இங்கே ஒரு சின்னப் பொறியும் உண்டு: சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கும்மிடிப்பூண்டி வண்டிகள் பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும், ராயபுரத்தைத் தொடாது. பீச் நிலையத்திலிருந்து வடக்கே போகும் வண்டிகள்தான் இங்கே நிற்கும், அவையும் குறைவு. நாட்டின் மிகப் பழைய ரயில் நிலையத்துக்கு ரயிலில் போய் இறங்குவதற்கே கால அட்டவணையைத் துருவ வேண்டியிருக்கிறது!

ராயபுரத்தைப் பெரிய முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக உண்டு. அது நடக்கிறபோது நடக்கட்டும். முகப்புக் கூடத்தில் ஒரு சிறு காட்சியகம், வாரக் கடைசியில் பீச்சிலிருந்து மணிக்கொரு வண்டி: இதற்கு நிலம் எடுக்கத் தேவையில்லை, பாலம் கட்டத் தேவையில்லை.

பத்து மணி வாக்கில் மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில் பக்கம்தான். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுந்த கருவறை, யானையின் பின்புறம்போல வளைந்த தூங்கானை மாடம்; கட்டிய தச்சரின் பெயர் ரவி என்று கல்வெட்டே சொல்கிறது. பெரிய கோயில்களைக் கட்டிய கைகளின் பெயர் நமக்குக் கிடைப்பது அபூர்வம். ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார்; கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் திறக்கும். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர், வள்ளலார் ஓயாமல் வந்துபோன சன்னிதி, வீணை குப்பய்யர் அழைக்க வந்த தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரியின் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய இடம் என்று ஒரே பிராகாரத்துக்குள் ஆயிரம் ஆண்டு அடுக்கியிருக்கிறது.

பட்டினத்தார் சமாதி கடலோரத்தில் இருக்கிறது. அங்கே போக விரைவுச் சாலைப் பக்கம் வர வேண்டும். பாட்டியையும் குழந்தையையும் அழைத்து வந்தவர்கள் லாரிகளுக்கு இடையே சாலையைக் கடக்கப் படும் பாட்டை நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகள் ஒருநாள் நின்று பார்க்கலாம். அந்தக் கரையில் மணல் குறைவு, கொட்டிய பாறைகளே அதிகம். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1876-இல் கட்டத் தொடங்கியதன் விளைவு இது. கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு வரும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. உறவினர் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் மெரினாவின் அகலத்தில் பாதி இந்த மக்கள் இழந்த கரை. மெரினாவைப் பார்த்தவர் இதையும் பார்க்காவிட்டால் கதையில் பாதிதான் தெரியும்.

உச்சி வெயிலில் சுற்றுவது வீண்பிடிவாதம். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறையும் மின்தூக்கியும் உண்டு. வெளியே அவற்றை நம்ப முடியாது. வயதானவர்களோடு வருகிறவர்கள் இதை வைத்தே பயணத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. நாலு மணிக்கு மேல் வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. ஹைதர் அலியின் படையெடுப்பைக் கண்டு பயந்த கம்பெனியார் 1770 வாக்கில் கருப்பர் நகரைச் சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம் அது. இருட்டியதும் பீச் நிலையம் எதிரே பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகள் களைகட்டும். அத்தோவோடு வாழைத்தண்டு சூப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு ஆளுக்கு வண்டிச் செலவு நூற்றைம்பது ரூபாயைத் தாண்டுவது கஷ்டம். 1904 முதல் டிராம் ஓடும் ஹாங்காங்கில், இரண்டடுக்கு டிராமில் ஊர்க்காரர் வேலைக்குப் போகிறார், அதே டிராமின் மாடியில் உட்கார்ந்து வெளியூர்க்காரர் ஊர் பார்க்கிறார். இந்தியாவிலேயே முதன்முதலாக 1895-இல் மின்சார டிராம் ஓட்டிய சென்னை, 1953-இல் அதை நிறுத்தியது. அன்று இழந்த வசதியை மெட்ரோவும் பேருந்தும் ஓரளவு திருப்பித் தந்திருக்கின்றன. இறங்கிய பிறகு நடக்க வேண்டிய அந்த ஒரு கிலோமீட்டரில்தான் கோளாறு. நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது, பைக் நிற்காத இடத்தில் மூடாத கால்வாய். மாநகராட்சி சுற்றுலாவுக்கென்று செலவழிக்க நினைத்தால், அலங்கார வளைவுகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு மெட்ரோ வாசலிலும் ஒரு நடை வரைபடம், கல்மண்டபத்திலிருந்து நிலையம் வரை தடையில்லாத ஒரு நடைபாதை, விரைவுச் சாலையைக் கடக்க இரண்டு சிக்னல் என்று தொடங்கலாம். தினமும் நடக்கிற ராயபுரத்துக்காரருக்கும் அதேதான் தேவை. 2004 முதல் ஆகஸ்டில் 'மெட்ராஸ் தினம்' வரும்போது மரபு நடைக்கு ஆட்கள் திரள்கிறார்கள்; மற்ற பதினொரு மாதமும் அவர்கள் தாமாகவே நடந்து பார்க்க முடிய வேண்டும்.

எண்ணூரை இதே நாளில் திணிக்க வேண்டாம். ஒரு காலத்தில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன உல்லாசத்தலம் அது. இன்று கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்களும் சாம்பலும் துறைமுகமும். நகரத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து, யார் செலவில் வருகிறது என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் தனியாக ஒரு காலை ஒதுக்கட்டும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி நேராக எண்ணூரில் நிற்கும். திரும்பும்போது மாலை வேலை முடியும் நேரத்தைத் தவிர்த்துவிட வேண்டும். அந்த வண்டி பிழைப்புக்குப் போய் வருகிறவர்களுக்கு, நிற்கவே இடம் கிடைக்காது.