வாரம் ஒரு பார்சல்: பசை வேண்டாம், கத்தி வேண்டாம்... விரல் போதும்! குட்டி 'கண்டாம்' ரோபோ வாங்கலாமா?

முழுப் பரீட்சை லீவு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம் ஒன்றுதான்: "அந்த போனைக் கொஞ்சம் கீழே வைடா!" வைக்கச் சொல்வது சுலபம். போனை வைத்த கையில் அடுத்து எதைக் கொடுப்பது? அந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் பிரித்த பார்சல் இது: பண்டாய் நிறுவனத்தின் 'என்ட்ரி கிரேடு' வரிசையில் வரும் ஆர்.எக்ஸ்-78-2 கண்டாம்.

யார் இந்த கண்டாம்?

1979-ல் ஜப்பான் டி.வி-யில் ஒளிபரப்பான 'மொபைல் சூட் கண்டாம்' அனிமேஷன் தொடரின் நாயக ரோபோ. 52 எபிசோடு போக வேண்டிய தொடர், பார்க்க ஆள் இல்லாமல் 43-லேயே முடித்து வைக்கப்பட்டது. மறு ஒளிபரப்பில்தான் கூட்டம் சேர்ந்தது. 1980 ஜூலையில் 300 யென் விலையில் முதல் பிளாஸ்டிக் மாடல் வந்ததும் ஜப்பான் சிறுவர்கள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். 'கண்டாம் பிளாஸ்டிக் மாடல்' என்பது சுருங்கி 'கன்பிளா' ஆனது. இதுவரை 70 கோடிக்கும் மேல் விற்பனைக்குப் போயிருக்கிறது. இப்போதும் ஷிசுவோகா நகரத்துத் தொழிற்சாலையில் தயாராகிறது.

அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிதான் நம் பார்சல். 2020-ல் வெளியானது. அப்போது ஜப்பானில் வரியோடு 770 யென். கதையில் 18 மீட்டர் உயரம். 144-ல் ஒரு பங்காகச் சுருக்கியதால் கையில் 12.5 செ.மீ. பால்பாயின்ட் பேனாவைவிடக் கொஞ்சம் குட்டை.

பெட்டிக்குள் என்ன?

சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். அதை 'ரன்னர்' என்கிறார்கள். துண்டுகள் அதில் காய் மாதிரித் தொங்குகின்றன. வழக்கமான மாடல்களில் நிப்பர் வைத்து வெட்ட வேண்டும். இதில் காம்பு மெலிசு; விரலால் திருகினாலே கழன்று வருகிறது. துண்டுகள் அந்தந்த நிறத்திலேயே வார்க்கப்பட்டிருப்பதால் பெயின்ட், ஸ்டிக்கர் தேவையில்லை. கூடவே ஒரு துப்பாக்கி, ஒரு கேடயம், படம் போட்ட கையேடு. ஜப்பான் மொழி தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். எழுத்து, எண், அம்புக்குறி மூன்றையும் பார்த்தாலே போதும்.

கட்டிப் பார்த்தோம்!

டெஸ்ட் டிரைவர், என் அக்கா பையன். வயது 9. பெட்டியைத் திறந்ததும் முதல் கேள்வி, "சித்தி, பேட்டரி எங்க?"

"பேட்டரி கிடையாதுடா."

"அப்ப எப்படி நடக்கும்?"

"நாமதான் காலைப் பிடிச்சு நடக்க வைக்கணும்."

முகம் தொங்கிவிட்டது. ஆனால், தலையைப் பொருத்தி மஞ்சள் கண் தெரிந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவில்லை. காலுக்கு வந்தபோது சிக்கல். உள்ளே வைக்க வேண்டிய துண்டை வைக்காமலே இரண்டு பாதிகளையும் சேர்த்து 'டக்'கென அழுத்திவிட்டான். பிரிக்க வரவில்லை, கண் கலங்கிவிட்டது. "குடுடா, நான் பண்றேன்" என்று அக்கா கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. நகத்தை இடுக்கில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, அவனே பிரித்து, அவனே சரியாக மாட்டினான். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறைகூட போனைக் கேட்கவில்லை.

பிளஸ்

* கருவி எதுவும் வாங்க வேண்டாம், பிரித்ததும் உட்காரலாம்.
* முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாம் அசைகின்றன. விதவிதமாக நிற்க வைக்கலாம்.
* படம் பார்த்துச் செய்வது, வரிசை மாறாமல் செய்வது, தப்பானால் பிரித்துச் செய்வது. மூன்றும் பாடம் எடுக்காமலே பழகும்.

மைனஸ்

* மோட்டார் இல்லை, புரோகிராமிங் இல்லை. 'ரோபோட்டிக்ஸ் கத்துக்கட்டும்' என்று வாங்கினால் ஏமாற்றம்தான். அதற்கான கிட் வேறு.
* ஒருமுறை கட்டினால் வேலை முடிந்தது. பிளாக்ஸ் மாதிரி வேறொன்றாக மாற்ற முடியாது.
* விரலால் திருகிய இடத்தில் சின்னத் தழும்பு தெரியும்.
* நெற்றிக் கொம்பு மெல்லியது. தரையில் உருட்டி விளையாடும் வயதுக் குழந்தைக்குச் சரிவராது.

விலை?

இங்கேதான் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. அதனால் ஜப்பான் விலையை மனதில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். இரண்டு மூன்று கடைகளில் விலை பார்த்து, கூரியர் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். துப்பாக்கி, கேடயம் இல்லாத 'லைட் பேக்கேஜ்' இன்னும் மலிவு. பெயர் தெரியாத நகல்களைத் தவிருங்கள். அழுத்திப் பொருத்தும் மாடலில் துண்டு மயிரிழை பிசகினாலும் நிற்காது.

நம் தீர்ப்பு

8 வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார முடியும் என்றால், தாராளமாக வாங்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் உதிரித் துண்டுகள் தரையில் கிடக்கவே கூடாது. வாயில் போட்டால் ஆபத்து. ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து வேலை செய்யச் சொல்லுங்கள். கடைசித் துண்டு ஏறும் வரை ரன்னரையும் கவரையும் குப்பையில் போடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. பிள்ளை தடுமாறும்போது பிடுங்கிச் செய்து கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கியதே அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான்!