அண்டர்டேக்னா சும்மா 'செஞ்சேன்'னு அர்த்தம் இல்ல!

நம்மில் பலருக்கு இந்த வார்த்தை அறிமுகமானது இங்கிலீஷ் கிளாஸில் இல்லை, டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டில். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு, அண்டர்டேக்கர்! அவருக்கு ஏன் அந்தப் பேருன்னு அப்போ யார் யோசிச்சோம்? இறுதிச் சடங்கு வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்பவருக்கு ஆங்கிலத்தில் அண்டர்டேக்கர் என்று பெயர். அதற்கும் முன்னால், எந்த வேலையையும் பொறுப்பேற்றுச் செய்கிறவர் என்ற பொதுவான பொருள்தான் அந்தச் சொல்லுக்கு இருந்தது.

'அண்டர்டேக்' என்ற வினைக்கு முக்கியமாக ரெண்டு பொருள். 'ஷி அண்டர்டுக் த சர்வே' என்றால், சர்வே வேலையைப் பொறுப்பேற்றுச் செய்தாள். 'ஷி அண்டர்டுக் டு ஃபினிஷ் த சர்வே' என்றால், முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தாள். நடுவில் ஒரு 'டு' வந்ததும் வேலை வாக்குறுதி ஆகிவிடுகிறது. இறந்தகாலம் அண்டர்டுக், 'அண்டர்டேக்ட்' என்று ஒன்று கிடையாது. சின்ன வேலைக்கும் இது பொருந்தாது. ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டதை 'அண்டர்டுக்'னு எழுதினா சிரிப்புதான் வரும்.

தமிழில் இதற்கு 'மேற்கொள்' என்கிறோம். அவங்க வார்த்தையில 'கீழே', நம்ம வார்த்தையில 'மேலே'. சுமைக்கு அடியில் கை கொடுத்தாலும் சரி, தலைமேல் ஏற்றிக்கொண்டாலும் சரி, பாரம் தாங்க ஒரு ஆள் வேணும். நம்ம ரிப்போர்ட்டுகளில் காணாமல் போவது அந்த ஆள்தான்.

'திஸ் ப்ராஜெக்ட் வாஸ் அண்டர்டேக்கன்...' சரி, யாரால்? நாலு பேர் பேட்ச். ஒருத்தி எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டு செய்வா. ரெண்டு பேர் பைண்டிங் கடைக்குப் போவாங்க. இன்னொருத்தர் வைவா அன்னிக்குத்தான் தலைப்பையே படிப்பார். ஆனால் நாலு ரெஸ்யூமேயிலும் ஒரே வரி: 'அண்டர்டுக் எ ப்ராஜெக்ட்'. இதில் ரொம்ப நஷ்டம், ராத்திரி முழிச்சு வேலை பார்த்தவளுக்குத்தான். மத்தவங்களும் தப்பிக்க முடியாது. இன்டர்வியூவில் 'இதில் உன் பங்கு என்ன?' என்ற அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவாங்க.

'டீம் ஒர்க்தானே, இதுல என்ன கணக்கு?' என்று கேட்கலாம். டீம் ஒர்க்தான். 'நாங்கள்' என்றே எழுதுங்க. அடுத்த வரியில் யார் டிசைன் பண்ணது, யார் கோட் எழுதியது, யார் டெஸ்ட் பண்ணது என்றும் எழுதுங்க. சர்க்யூட்டை சோல்டர் மட்டும் பண்ணியிருந்தா 'சோல்டர்ட்' போதும். அதுவும் மரியாதையான வினைதான்.

இதே வினையின் பெயர்ச்சொல்தான் 'அண்டர்டேக்கிங்'. யு.ஜி.சி.யின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகள்படி வருஷா வருஷம் மாணவரும் பெற்றோரும் இதைக் கொடுக்கணும். எத்தனை பேர் படிச்சுட்டுக் கொடுக்கிறோம்? அட்மிஷன் க்யூவில் 'இங்க ஒரு சைன்' என்றால் போட்டுவிட்டு நகர்கிறோம். கோர்ட்டில் ஒருவர் கொடுத்த அண்டர்டேக்கிங்கை வேண்டுமென்றே மீறினால், 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அது அவமதிப்பு. காலேஜில் கொடுப்பது கோர்ட்டுக்குக் கொடுப்பது இல்லைதான். ஆனால் வார்த்தையின் கனம் ஒன்றுதான்: அது உங்கள் வாக்கு.

ஃபர்ஸ்ட் இயர் பையனை ராத்திரி ரூமுக்கு 'இன்ட்ரோ' கொடுக்கக் கூப்பிடுகிற சீனியரும் இதில் கையெழுத்துப் போட்டவர்தான். அவருடைய அம்மாவோ அப்பாவோ, அவரை நம்பி கூடவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அந்தப் பேப்பரில் என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது என்பதுதான் கொடுமை.

அதனால் ரெண்டே விஷயம். பொறுப்பேற்காத வேலைக்கு 'அண்டர்டுக்'னு எழுதாதீங்க. அண்டர்டேக்கிங் என்று எந்தப் பேப்பர் வந்தாலும், பின்னாடி க்யூ எவ்வளவு நீளமா இருந்தாலும், முழுசா படிச்சிட்டு பேனாவை எடுங்க. வீட்டிலும் கையெழுத்து வாங்கும்போது, அதில் என்ன எழுதியிருக்குன்னு தமிழில் சொல்லிட்டு வாங்குங்க.