யார் மக்கு?

மயிலாப்பூர் மாடவீதிகளில் சாயங்காலம் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் ஒரு குழந்தை, "எச், ஈ, எல், ஐ..." என்று 'ஹெலிகாப்ட'ரின் பத்து எழுத்துக்களையும் உருப்போட்டுக் கொண்டிருக்கும். ஓர் எழுத்துத் தவறினால், மறுபடியும் முதலிலிருந்து! இதற்குப் பெயர் இங்கிலீஷ் படிப்பாம்.

விஷயம் தெரிந்த வாத்தியார் 'ஹெ-லி-காப்-டர்' என்று ஓசைப்படி வெட்டித் தருவார். நாவுக்கு நல்லதுதான். ஆனால் அர்த்தம்? 'ஹெலிகோ' என்றால் சுருள். 'ப்டெர்' என்றால் சிறகு. கிரேக்கச் சொற்கள் இரண்டை 1861-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒட்டவைத்தார். அர்த்தம் வேண்டுமானால், 'காப்' என்ற அசைக்குள்ளேயே கத்தி புக வேண்டும்.

இந்த இரட்டை வெட்டு நமக்குப் புதிதா? 'நடந்தனன்' என்பதை யாப்புக்காக 'நடந்-தனன்' என்று அசை பிரிக்கிறோம். பொருளுக்காக நட, த், த், அன், அன் என்று பிரித்து, முதல் 'த்' 'ந்' ஆனது விகாரம் என்கிறோம். பகுதி முதல் விகாரம் வரை ஆறு உறுப்புக்களையும் 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூலில் வகுத்துவிட்டார். தமிழ் வகுப்பில் இதைப் பயிலும் பிள்ளை, மணியடித்து இங்கிலீஷ் வகுப்பு வந்ததும் கிளிப்பிள்ளையாகி விடுகிறதே, ஏன்? இரண்டு வாத்தியார்களும் ஒரு நாளாவது இதைப் பற்றிப் பேசிக்கொண்டால் அல்லவா!

எல்லாச் சொல்லும் இப்படிப் பிரியாது என்பீர்கள். வாஸ்தவம். 'அண்டர்ஸ்டாண்ட்' என்பதைப் பிரித்தால் 'கீழே நில்' என்றுதான் வரும். பிரித்துப் பயனில்லாததைப் பகாப்பதம் என்று நன்னூலும்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதற்காகப் பிரிவதையும் பிரிக்காமல் விடுவதா?

பத்து எழுத்துக்கு அழும் குழந்தையை 'மக்கு' என்கிறோம். அந்தப் பட்டம் யாருக்குப் பொருந்தும் என்று, மாடவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் யோசித்துப் பாருங்கள்.