பூனைக்கு ஒரு வாசல்

முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் போன மாதம் ஆசாரியைக் கூப்பிட்டுப் புழக்கடைக் கதவில் ஓட்டை போடச் சொன்னார். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா சார், நல்ல தேக்கு! பூனை கேட்டுச்சா கதவு?"

பூனை கேட்கவில்லைதான். ஆனால் முந்தைய பூனை வாசல் ஜன்னல் வழியாக மகாத்மா காந்தி வீதியில் குதித்து, பஸ்ஸில் அடிபட்டுப் போனது. நண்பரின் அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. இந்தப் பூனைக்கு (பெயர் துய்ப்ளே!) ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தாகிவிட்டது. கவர்னர் உள்ளே போக, வெளியே வர, நாளைக்கு நாற்பது தடவை அம்மா எழுந்து கதவு திறக்க வேண்டும். முழங்கால் என்ன ஆகும்?

பக்கத்து வீட்டு சொல்தா தாத்தாதான் இதற்குப் பெயர் சொன்னார்: 'ஷாத்தியேர்'. பிரெஞ்சில் பூனை வழி. வெள்ளைக்காரனுக்கு இது பழைய சங்கதி. இங்கிலாந்தில் எக்ஸிடர் கதீட்ரலில் 1305-லிருந்து 1467 வரை பூனைக்குச் சம்பளமே உண்டு, மூன்று மாதத்துக்கு 13 பென்ஸ். (டி.ஏ. கிடையாது.) அங்கே கடிகாரத்துக்குப் போட்ட கொழுப்பை எலி தின்ன வந்ததால், 1598 வாக்கில் பிஷப் காட்டன் கடிகாரக் கதவில் பூனைக்கு ஓட்டை போட வைத்தார். இன்றும் இருக்கிறது. நியூட்டன் பெரிய பூனைக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று என்று ரெண்டு ஓட்டை போட்ட கதை மட்டும் கட்டுக்கதை என்கிறார்கள். அந்த மூளைக்கு ஒரு ஓட்டை போதும் என்று தெரியாதா?

ஆசாரி சமாதானமாகி அளவெடுத்தார். பூனையின் தோள்பட்டை முன்னெலும்பு வேறு எலும்போடு பொருந்தாமல் தசைக்குள் மிதக்கிறது. அதனால் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். தொப்பை விழுந்த பூனைக்கு இந்தக் கணக்கு உதவாது. (நமக்கும்தான்.) ஓட்டையின் கீழ் விளிம்பு பூனையின் வயிற்று உயரத்தில். சிராய் இல்லாமல் உப்புத்தாள் தேய்த்து, ஆடும் பலகையின் ஓரத்தில் ரப்பர். வால் மாட்டினாலும் நசுங்காது. இன்னொன்று முக்கியம்: திருடன் கைவிட்டால் தாழ்ப்பாள் எட்டக்கூடாது.

துய்ப்ளே அதைப் பார்த்துவிட்டு, பழைய கதவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு கத்தியது.

இங்கேதான் பலர் பூனையைத் தூக்கி ஓட்டைக்குள் திணிப்பார்கள். கூடவே கூடாது. பலகை ஒரு தடவை தலையில் 'டப்'பென்று விழுந்தால், அப்புறம் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கமே வராது. நண்பர் பலகையை முழுசாகத் தூக்கி டேப் போட்டு ஒட்டினார். சாப்பாட்டு வேளையில் அந்தப் பக்கம் அம்மா, கையில் நெத்திலிக் கருவாடு. மூன்று நாள் தயக்கமில்லாமல் போய் வந்த பிறகு பலகையைப் பாதி இறக்கினார். அப்புறம் முக்கால். மூக்கால் லேசாகத் தள்ளினால் போதும் என்று வந்தபோது துய்ப்ளே யோசித்தது. ஒரு முழு நாள் யோசித்தது. எட்டிப் பார்த்தது, முன்னங்காலால் தட்டியது, ஆடும் பலகையைப் பார்த்து 'புஸ்' என்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. மறுநாள் காலை, தானே உள்ளே வந்து நின்றது! அம்மா அழுதேவிட்டார்.

வெறிநாய்க்கடி ஊசியும் கருத்தடையும் முன்னாலேயே முடித்திருந்தார்கள். அதைச் செய்யாமல் ஓட்டை போட்டால் வீடு சத்திரமாகிவிடும். புழக்கடை மதிலுக்கு மேல் வலையும் கட்டியாயிற்று. வீதிக்குத் தாண்ட முடியாது. ராத்திரி எட்டரைக்குச் சோறு, ஒன்பதுக்குப் பூனைக் கதவுக்கும் தாழ்ப்பாள்.

இப்போது புதுத் தலைவலி. துய்ப்ளே வாயில் சுண்டெலியோடு உள்ளே வருகிறது. 2019-ல் சியாட்டில் நகரில் பென் ஹாம் என்ற அமேசான் ஊழியர் இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார். கேமரா பார்க்கும், வாயில் இரை இருந்தால் கதவு 15 நிமிஷம் பூட்டிக்கொள்ளும். நண்பர் இதை அம்மாவிடம் ஆசையாகச் சொன்னார்.

அம்மா முறைத்தார். "எலி புடிச்சிக்கினு வர்ற பூனைக்குக் கதவச் சாத்துறானா? அவன் வூட்டுல இன்னாத்துக்குடா பூனை வளக்கறாங்க?"