பந்தயம் எந்த ஊருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் நாஸ்கார் கார் பந்தயம், கோடை மாதங்களில் நமக்கு நள்ளிரவு 12.30 மணிக்குத்தான் ஒளிபரப்பாகும். பல ஆண்டுகளாகத் தூக்கம் கெட்டு அதைப் பார்த்துவருபவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல முடியும். யார் வென்றார், யார் தோற்றார் என்பதற்காக அந்த ரசிகர்கள் போடும் சண்டை ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடுத்த ஆண்டு எந்த ஊரில், எந்தத் தேதியில் பந்தயம் என்பதற்காக அவர்கள் போடும் சண்டை ஓய்வதே இல்லை.

2026ஆம் ஆண்டுக்கான அட்டவணை 2025 ஆகஸ்ட் மாதம் வெளியானபோது அந்தச் சண்டை மீண்டும் மூண்டது. மூன்று ஆண்டுகள் சிகாகோ நகரத் தெருக்களில் நடந்த பந்தயம் நீக்கப்பட்டது. 2025இல் ஒரே ஒருமுறை நடந்த மெக்சிகோ சிட்டி பந்தயமும் நீக்கப்பட்டது. கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே உள்ள கரோனாடோ கடற்படைத் தளம் புதிதாகச் சேர்ந்தது. 2019க்குப் பிறகு ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த சிகாகோலேண்ட் தடம் திரும்ப அழைக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வட கரோலினா மலையடிவாரச் சிற்றூரான நார்த் வில்க்ஸ்பரோவுக்கு, 30 ஆண்டுகளுக்குப் பிறகு, பட்டத்துக்கான புள்ளிகள் தரும் பந்தயம் திரும்பக் கிடைத்தது.

இதை ‘பழமையா, புதுமையா’ என்கிற சண்டையாகவே பலரும் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு விளையாட்டின் நாள்காட்டியில் அந்த விளையாட்டை வளர்த்த ஊர்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா என்பதுதான் இதன் அடியில் உள்ள கேள்வி.

மண்ணில் பிறந்த விளையாட்டு

ஸ்டாக் கார் என்பது, தொடக்கத்தில், கடையில் விற்கும் சாதாரணக் கார்தான். மதுவிலக்குக் காலத்திலும் அதற்குப் பின்னும், வரி கட்டாத சாராயத்தை மலைப்பாதைகளில் கடத்தியவர்கள் காவலர்களிடம் சிக்காமலிருக்கத் தங்கள் கார்களின் வேகத்தைக் கூட்டினார்கள். அந்தக் கார்களில் யாருடையது வேகமானது என்கிற வீம்பு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயமாக வளர்ந்தது. இந்த விளையாட்டின் பெரும் நாயகர்களில் ஒருவரான ஜூனியர் ஜான்சன், நார்த் வில்க்ஸ்பரோ இருக்கும் வில்க்ஸ் மாவட்டத்துக்காரர். சாராய வழக்கில் சிறை சென்ற அவருக்கு, 1986இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார்.

இப்படிச் சிதறிக் கிடந்த பந்தயங்களை 1948இல் நாஸ்கார் என்கிற அமைப்பின் கீழ் கொண்டுவந்தவர் பில் பிரான்ஸ். நார்த் வில்க்ஸ்பரோ தடம் அதற்கு ஓராண்டு மூத்தது. 1949இல் நடந்த முதல் பருவத்தின் கடைசிப் பந்தயம் அங்கேதான் நடந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தின் ஒரு பக்கம் இறக்கம், மறுபக்கம் ஏற்றம். நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே பாதை அமைந்தது.

தென் கரோலினாவின் டார்லிங்டன் தடத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நிலத்தை விற்றவர் தன் மீன்குளத்தைத் தொடக் கூடாது என்று நிபந்தனை விதித்ததால், தடத்தின் ஒரு முனை குறுகி, முட்டை வடிவமானது என்பார்கள். 1950 முதல் இன்றுவரை அந்த இரு முனைகளுக்கும் ஏற்பக் காரைத் தயார்செய்யப் பொறியாளர்கள் திணறுகிறார்கள். ஒரு தடத்தை ரசிகர்கள் நேசிப்பதற்கு இத்தகைய கோணல்களே காரணம்.

தேதி என்னும் சரக்கு

ஐபிஎல் அணிகளுக்குச் சொந்த மைதானம் இருப்பதுபோல நாஸ்கார் அணிகளுக்குக் கிடையாது. எல்லா அணிகளும் வாராவாரம் ஊர் ஊராகப் போகும். ஆண்டுக்குப் புள்ளிகள் தரும் பந்தயங்கள் 36 மட்டுமே. எனவே, ஒரு தடத்தின் உண்மையான மதிப்பு அதன் தார்ப் பாதையிலோ பார்வையாளர் மாடத்திலோ இல்லை; அந்த 36 தேதிகளில் ஒன்று அதன் கையில் இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. தேதி போனால், மறுநாளே அது புல் முளைக்கும் கான்கிரீட் கட்டடம்.

1990களில் தேதி ஒரு வணிகச் சரக்கானது. தொலைக்காட்சியால் நாடெங்கும் பரவிய இந்த விளையாட்டுக்கு, தெற்குச் சிற்றூர்கள் போதவில்லை. லாஸ் வேகஸ், டெக்சாஸ், கலிபோர்னியா, கேன்சஸ், சிகாகோ எனப் பெருநகரங்களை ஒட்டிப் புதிய தடங்கள் எழுந்தன. அவற்றில் பலவும் சுமார் 2.4 கிலோமீட்டர் நீளம் கொண்டவை. ஒரே அச்சில் வார்த்தவைபோல இருப்பவை. புதிய தடங்களுக்குத் தேதி வேண்டும். தேதிகளோ எண்ணிக்கையில் அடங்கியவை. வழி ஒன்றுதான்: பழைய தடத்தை வாங்கு, தேதியை எடுத்துக்கொள், தடத்தை மூடு.

நார்த் வில்க்ஸ்பரோவுக்கு அதுவே நடந்தது. தடத்தின் பங்குகளை இரு தொழிலதிபர்கள் ஆளுக்குப் பாதியாக வாங்கினார்கள். ஒருவர் தன் பங்குக்கான தேதியை டெக்சாஸுக்கும், மற்றவர் நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுபோனார்கள். 1996 செப்டம்பர் 29 அன்று ஜெஃப் கார்டன் வென்ற பந்தயத்தோடு அந்த ஊரின் கதை முடிக்கப்பட்டது. பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின் விளைவாக, 2004இல் ராக்கிங்ஹாம் தடமும் தேதியை இழந்தது. அதுவும் டெக்சாஸுக்கே போனது.

அதே 2004இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கத் தொழிலாளர் தின வார இறுதி என்றால் டார்லிங்டன் என்பது 1950 முதல் இருந்த வழக்கம். அந்தத் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஃபோன்டானாவில் உள்ள தடத்துக்கு மாற்றப்பட்டது. திருவிழாவைத் தேரோடு பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோனதுபோல இருந்தது அது. எதிர்பார்த்த கூட்டம் அங்கே சேரவில்லை. 2009இல் தேதி அட்லான்டாவுக்குப் போனது. 2015இல், 11 ஆண்டுகள் அலைந்த பிறகு, டார்லிங்டனுக்கே திரும்பியது. அதைப் பறித்துக்கொண்ட ஃபோன்டானா தடத்தில் 2023 பிப்ரவரியில் கடைசிப் பந்தயம் நடந்தது. நிலத்தின் பெரும்பகுதி விற்கப்பட்டுவிட்டது.

ரசிகர்களின் பக்கமும் கோணல்தான்

இவ்வளவு சொன்ன பிறகு, ரசிகர்கள் எல்லாக் காலத்திலும் சரியாகவே இருந்தார்கள் என்று நான் வாதிட மாட்டேன். ராக்கிங்ஹாமில் கடைசி ஆண்டுகளில் மாடங்கள் நிறையவில்லை. மூடிய பிறகு அழுதவர்கள், திறந்திருந்தபோது சீட்டு வாங்கியிருக்கலாம். கின்னம்போலக் குழிந்த பிரிஸ்டல் தடத்தில் 1,60,000 பேர் அமர்ந்த காலம் உண்டு. 55 பந்தயங்கள் தொடர்ந்து சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 2010இல் அந்தத் தொடர் அறுந்தது. ‘சின்னத் தடங்களே இந்த விளையாட்டின் உயிர்’ என்று சொல்லும் அதே ரசிகர்கள், வசந்தகாலப் பந்தயத்துக்கு பிரிஸ்டலின் இருக்கைகளை நிரப்புவதில்லை.

ரசனையும் நிலையானதல்ல. 2000களில் ‘ஒரே அச்சில் வார்த்தவை’ என்று பழிக்கப்பட்ட 2.4 கிலோமீட்டர் தடங்களில், 2022இல் அறிமுகமான புதிய வடிவமைப்புக் கார் அருமையாக ஓடுகிறது. அதே காரைச் சின்னத் தடங்களில் விட்டால், முன்னால் போகும் காரை முந்துவது பெரும்பாடு. விளைவு: அன்று கொட்டாவி விட்டுப் பார்த்த சிகாகோலேண்டை, இன்று அதே ரசிகர்கள் திரும்பக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். சின்னத் தடங்களின் குறையைத் தீர்க்க, 2026இல் அங்கே இயந்திரத்தின் திறனை 670 குதிரைத் திறனிலிருந்து 750 ஆக உயர்த்த நாஸ்கார் முடிவெடுத்தது. தடத்தின் மீது சுமத்திய பழியில் பாதி, காருக்கு உரியது என்பதை இது காட்டுகிறது.

புதுமை எல்லாமே வீண் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2023 ஜூலையில் சிகாகோவின் கிராண்ட் பூங்காவைச் சுற்றிக் கொட்டும் மழையில் நடந்த முதல் தெருப் பந்தயத்தை, நானும் சந்தேகத்தோடுதான் பார்க்க உட்கார்ந்தேன். நியூசிலாந்திலிருந்து முதல்முறையாக நாஸ்காருக்கு வந்திருந்த ஷேன் வான் கிஸ்பெர்கன் அதில் வென்றார். அறிமுகப் பந்தயத்திலேயே ஒருவர் வெல்வது 1963க்குப் பிறகு அதுவே முதல்முறை. தெருக்களை அடைத்ததால் நகரவாசிகள் பட்ட எரிச்சல் நியாயமானது. அந்தப் பந்தயம் தந்த பரவசமும் உண்மையானது. 2025இல் மெக்சிகோ சிட்டியில் நடந்ததோ, 1958இல் டொரன்டோவில் நடந்ததற்குப் பிறகு அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் புள்ளிப் பந்தயம். ஒரே ஆண்டில் அதைக் கைவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவனுக்குப் பயிர் எப்படிக் கிடைக்கும்?

யார் முடிவெடுக்கிறார்கள்?

2025இல் தொடங்கிய 7 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 770 கோடி டாலர். வாசலில் விற்கும் சீட்டை நம்பி விளையாட்டு நடந்த காலம் முடிந்துவிட்டது. மாடத்தில் அமர்பவரைவிடத் திரையின் முன் அமர்பவரே அட்டவணையைத் தீர்மானிக்கிறார். தடங்களின் உடைமையும் சுருங்கிவிட்டது. டேடோனா, டாலடேகா, டார்லிங்டன் உள்ளிட்ட தடங்களை வைத்திருந்த நிறுவனத்தை 2019இல் நாஸ்கார் தன்னோடு இணைத்துக்கொண்டது. சார்லட், பிரிஸ்டல், டெக்சாஸ், லாஸ் வேகஸ் முதலியவை ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் என்கிற மற்றொரு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. இண்டியானாபொலிஸ் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பாலான தேதிகள் இரண்டு குடும்பங்களின் உடைமை.

நார்த் வில்க்ஸ்பரோ திரும்பி வந்த கதையை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். 2019 டிசம்பரில், டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் சிலரோடு போய், புதர் மண்டிக் கிடந்த தடத்தைச் சுத்தம் செய்தார். கணினி விளையாட்டிலாவது அது உயிரோடு இருக்கட்டும் என்று அதை அளவெடுத்துப் பதிவுசெய்வதுதான் நோக்கம். அந்தச் சிறு பொறி ரசிகர்களிடம் பற்றிக்கொண்டது. பெருந்தொற்று நிவாரணத்துக்கு மத்திய அரசு தந்த நிதியிலிருந்து 1.8 கோடி டாலரை மாநில அரசு இந்தத் தடத்துக்கு ஒதுக்கியது. 2023இல், புள்ளிகள் இல்லாத நட்சத்திரப் பந்தயம் அங்கே நடந்தது. இப்போது முழுப் பந்தயமும் வந்துவிட்டது.

நான் மகிழ்ந்தேன். ஆனால், மகிழ்ச்சியோடு ஒரு நெருடலும் வந்தது. அந்தத் தேதி வானத்திலிருந்து விழவில்லை. 1969 முதல் ஆண்டுதோறும் புள்ளிப் பந்தயம் நடத்திவந்த டெலவேர் மாநிலத்தின் டோவர், 2026இல் அந்தத் தகுதியை இழந்து, நட்சத்திரப் பந்தயத்தைப் பெற்றுக்கொண்டது. இரண்டு தடங்களும் ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தமானவை. 1996இல் நார்த் வில்க்ஸ்பரோவின் தேதிகளில் ஒன்றைத் தூக்கிச் சென்றதும் இந்நிறுவனம்தான். இடக்கைப் பொருள் வலக்கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. நார்த் வில்க்ஸ்பரோவில் அன்று நின்றவரின் இடத்தில் இன்று டோவரின் விடுதிக்காரரும், வாகன நிறுத்தத்துக்கு வயலை வாடகைக்கு விடுபவரும், தந்தையோடு வந்து பழகிய இருக்கையில் இப்போது மகனோடு அமர்பவரும் நிற்கிறார்கள்.

என் வாதம் இதுதான். எந்தத் தேதியையும் எந்த ஊருக்கும் நிரந்தரமாக எழுதிக்கொடுக்க முடியாது. கூட்டம் வராத இடத்தில் காலமெல்லாம் பந்தயம் நடத்தச் சொல்வதும் நியாயமல்ல. ஆனால், நான்கு வரையறைகள் சாத்தியமே. பிப்ரவரியில் டேடோனா, மே இறுதியில் சார்லட், தொழிலாளர் தினத்தில் டார்லிங்டன் போன்ற சில நாள்கள் எவருடைய வணிகக் கணக்குக்கும் அப்பாற்பட்டவை என்று அறிவிக்கலாம். புதிய இடத்துக்குப் பந்தயம் தந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள் தரலாம். பழைய இடத்திலிருந்து எடுப்பதானால் இரண்டு ஆண்டுகள் முன்னதாகச் சொல்லலாம். பொதுப்பணத்தில் புதுப்பித்த தடத்துக்கு, இத்தனை ஆண்டுகள் பந்தயம் உண்டு என்று எழுத்துபூர்வமான உறுதி தரலாம். மக்களின் பணம் முதலீடு என்றால், மக்களுக்கும் அட்டவணையில் ஒரு சொல் இருக்க வேண்டும்.

இத்தகைய உறுதியை நாஸ்கார் ஏற்கெனவே வேறொருவருக்குத் தந்திருக்கிறது. மைக்கேல் ஜோர்டான் இணை உரிமையாளராக உள்ள அணியும் மற்றோர் அணியும் 2024 அக்டோபரில் தொடுத்த வழக்கு, 2025 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. ஒவ்வொரு பந்தயத்திலும் அணிகளுக்கு இடத்தை உறுதிசெய்யும் உரிமம் நிரந்தரமாக்கப்பட்டது. ‘இன்று தருவோம், நாளை எடுப்போம்’ என்கிற நிலையில் எவரும் முதலீடு செய்ய முடியாது என்கிற வாதம் அணிகளுக்குப் பொருந்துமானால், ஊர்களுக்கும் பொருந்தும். வித்தியாசம், வழக்கு நடத்த அணிகளுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஊர்களுக்கு ரசிகர்களின் சண்டை மட்டுமே இருக்கிறது.

ஆகவேதான் அந்தச் சண்டையை நான் வெட்டிப் பேச்சாகக் கருதுவதில்லை. முன்னுக்குப் பின் முரணானது, சில நேரம் சுயநலமானது என்றாலும், பல ஆண்டுகள் நிசப்தமாகக் கிடந்த ஒரு தடத்தில் மீண்டும் இயந்திரங்களை உறும வைத்தது அந்தப் பேச்சுதான். இனி அது டோவருக்காகவும் ஒலிக்க வேண்டும்.