கழுத்து முறிந்தவருக்கு பிரஷர் எவ்வளவு?

பனையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து, கை கால் அசையாமல் வருகிறவரின் ரெஃபரல் சீட்டில் எலும்பைப் பற்றி எல்லாம் இருக்கும். கழுத்தில் எத்தனையாவது எலும்பு, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று விவரமாக எழுதி, எக்ஸ்ரேயும் சி.டி.யும் சேர்த்து அனுப்பியிருப்பார்கள். வழியில் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பது மட்டும் பல சீட்டுகளில் இருக்காது. நரம்பியல் அறுவைப் பிரிவின் ஐசியூவில் பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அந்த ஓர் எண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விழுந்த கணத்தில் எலும்பு தண்டுவடத்தை நசுக்கிவிடுகிறது. அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் சேதம் அத்தோடு நிற்பதில்லை. தண்டுவடத்தின் நடுப்பகுதியில் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. முதலில் உடைவது அவைதான். கசிந்த ரத்தம் அடுத்த சில மணி நேரத்தில் மேலும் கீழும் பரவுகிறது. உடையாமல் தப்பிய குழாய்கள் சுருங்குகின்றன, சில அடைபடுகின்றன. குழாய்ச் சுவரின் காப்பு குலைந்து நீர் கோத்து, தண்டுவடமே வீங்குகிறது. எலும்புக்குள் வீங்க இடம் ஏது? அந்த வீக்கமே மிச்சமிருக்கும் குழாய்களை நெரிக்கிறது. 1911-லேயே ஆல்ஃபிரட் ஆலன் என்ற மருத்துவர் நாய்களிடம் செய்த சோதனையில், அடிபட்ட தண்டுவடத்தில் தேங்கிய ரத்தத்தை வெளியேற்றியபோது அவை மேலாகத் தேறின. அடி ஒன்று, அதற்குப் பின் நடக்கும் அழிவு வேறொன்று என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

நல்ல தண்டுவடம், உடலின் அழுத்தம் சற்று ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அடிபட்டதற்கு அந்தத் திறன் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, கழுத்திலோ மேல் நெஞ்சிலோ அடிபட்டால் ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் செயலிழக்கின்றன. உடல் முழுவதும் குழாய்கள் தளர்ந்து, பிரஷர் விழுகிறது.

இது ஏமாற்றும். ரத்தம் கொட்டிப் பிரஷர் இறங்கியவருக்கு நாடி படபடக்கும், கை கால் சில்லிடும். இவர்களுக்கோ நாடி 50-ல் நிற்கும், பாதம் கதகதப்பாக இருக்கும். காலைத் தொட்டுப் பார்க்கிற மனைவி, "சூடு இருக்கு சிஸ்டர், நல்லாத்தானே இருக்காரு" என்பார். மானிட்டரில் 80/50 ஓடிக்கொண்டிருக்கும்.

கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் சராசரி அழுத்தம் கிடைக்கும். 80/50-க்கு அது 60. 2024-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், அதை 75-80-க்குக் கீழே விடாமலும் 90-95-ஐத் தாண்டவிடாமலும் 3 முதல் 7 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. இதற்கான ஆய்வுச் சான்று இன்னும் வலுவாக இல்லை என்று அந்த வழிகாட்டுதலே சொல்கிறது. இருந்தாலும், அடிபட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் குறைவது கேடு என்பதை எந்த மருத்துவரும் மறுப்பதில்லை.

உள்ளே வேறெங்கும் ரத்தக்கசிவு இல்லையென்று உறுதி செய்து, சலைன் கொடுத்து, அதற்கும் ஏறாவிட்டால் நார்அட்ரினலின் ஓட்ட வேண்டும். விலை உயர்ந்த மருந்தல்ல. ஆனால் ஆள் விழித்திருக்க வேண்டும். சிரிஞ்ச் பம்பில் மருந்து தீர்ந்து மாற்றுகிற இடைவெளியிலேயே எண் சரிந்துவிடும். அடுத்த சிரிஞ்சை முன்னதாகவே ஏற்றி வைத்திருப்போம். சளி உறிஞ்சும்போது நாடி திடீரென்று விழும், அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரவில் ஒரே செவிலியர் பல படுக்கைகளைப் பார்க்கிற இடத்தில் இது நடக்காது. தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து விலக்குவது நல்லது என்று இன்று பரவலாக ஏற்கிறார்கள். அந்த அறுவைக்குக் காட்டும் அவசரத்தில் பாதியையாவது பிரஷருக்குக் காட்டலாம்.

வீட்டுக்குப் போன பிறகும் ரத்தக்குழாய்களின் தொல்லை தீராது. கழுத்தில் அடிபட்டவருக்கு 90/60 என்பதே இயல்பாக இருக்கலாம். யூரின் டியூப் மடங்கி மூத்திரப்பை நிரம்பினால் போதும், பிரஷர் எகிறி, தலை பிளக்க, முகம் வியர்த்துக் கொட்டும். மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூபைப் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றே குடும்பத்துக்கு இதைச் செய்து காட்டி அனுப்ப வேண்டும்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021-ல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் மரமேறி விழுந்தவர் அதில் வரமாட்டார். அடிபட்ட ரத்தக்குழாய்க்கு இரண்டு நாளும் போதாது. தண்டுவடத்தில் அடிபட்ட எல்லோருக்கும், எப்படி விழுந்திருந்தாலும், முதல் ஏழு நாள் ஐசியூ கவனிப்பை அரசு உறுதி செய்ய வேண்டும். ரெஃபரல் சீட்டில் ரத்த அழுத்தத்துக்கு நேரம் குறித்த கட்டம் அச்சிட வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், எலும்பைப் பற்றிக் கேட்கும்போதே "பிரஷர் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.